தள்ளுபடிப் பயனாளி

நிரஞ்சனா கார் வாங்க ஆசைப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. வெளியே சொல்லக்கூடிய காரணமாக அது இல்லை.

செங்காங்கில் அவள் குடியிருக்கும் புளோக்குக்கு எதிரே ஒரு பலமாடி கார்பார்க். ஒருநாள் வேலை முடிந்து அதன் வழியே நடந்து வந்தபோது, நிறுத்தியிருந்த காருக்குள் ஒரு பெண் உட்கார்ந்து உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த எபோக்-எபோக் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். இஞ்சின் ஓடவில்லை. கையில் கைப்பேசி இல்லை. தின்று முடித்து, மடியில் விழுந்த துகளைத் தட்டிவிட்டு, அந்தப் பெண் பிறகும் உட்கார்ந்தே இருந்தாள். பார்க்கக்கூடாத எதையோ பார்ப்பவளைப்போல நிரஞ்சனா தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அரைமணி நேரம் அந்தப் பெண்ணிடம் உலகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நிரஞ்சனா வீட்டில் சாப்பாட்டு மேசை கணவன் ஷங்கரின் அலுவலகம். உள்ளறை மகள் கவிப்ரியாவின் இணைய டியூஷன். கூடம் மாமனார் முத்துசாமியின் தொலைக்காட்சி. அவளுக்கென்று மிஞ்சியது குளியலறை, அந்தக் கதவையும் யாராவது தட்டி, "சார்ஜர் எங்க?" என்பார்கள். வீட்டில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை என்பதுதான் சங்கடம். கெட்டவர்களாக இருந்தால் வெறுத்துவிட்டாவது நிம்மதியாக இருக்கலாம். நல்லவர்களிடமிருந்து அரைமணி நேரம் ஒளிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் எப்படிப்பட்டவள் என்று அவள் இரவில் யோசிப்பாள். பதில் வருவதற்குள் தூங்கிப்போவாள்.

"வேலைக்குப் போக வசதியா இருக்கும்" என்று ஷங்கரிடம் சொன்னாள்.

"உன் சேமிப்பு, உன் இஷ்டம். ஆனா டாக்குமெண்டேஷன் ஃபீன்னு ஒண்ணு போடுவாங்க பாரு, அதை மட்டும் கட்டிடாத. சும்மா புடுங்கற காசு அது. கேட்டா எடுத்துடுவாங்க லா. நீதான் கேட்க மாட்டே. தேக்கா மார்க்கெட்டுல முருங்கைக்காய் வாங்கிட்டு, வாங்கினதுக்கு சாரி சொல்லிட்டு வர்ற ஆளு நீ."

இந்த முறை கேட்டே தீருவது என்று நிரஞ்சனா முடிவு செய்தாள்.

பழைய கார் விற்கும் நன்னம்பிக்கை மோட்டார்ஸ் ஊபி வட்டாரத்தில் இருந்தது. கீழ்த்தளத்தில் ஆறு பழைய கார்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. மேலே மூன்று தளங்களும் ஆவணத் துறை. ஃபஸீலா என்ற விற்பனைப் பெண் நல்ல கலகலப்பானவள். ஏழு வருஷம் ஓடிய ஒரு வெள்ளைக் காரை அவளே காட்டி, அவளே விலையில் இரண்டாயிரம் குறைத்து, நிரஞ்சனா வாயே திறக்காமல் பேரத்தை முடித்துவிட்டாள். அதன் பிறகு விலைத்தாளின் அடியில் பேனாவால் தட்டினாள். ஆவணப் பராமரிப்புக் கட்டணம், 1,288 வெள்ளி.

"இது எதுக்கு?"

"டாக்குமெண்டேஷன்க்கா."

"வண்டியை என் பேருக்கு மாத்துறதா? அதை ஃபோன்லயே செய்யலாம்னு வீட்ல சொன்னாங்க."

"ஃபோன்லதான் செய்வோம். பத்து நிமிஷம். அதுக்கு நாங்க ஒண்ணும் வாங்குறதில்ல. இது அதுக்கு அப்புறம் வர்ற டாக்குமெண்டுக்கு."

"அப்புறம் என்ன டாக்குமெண்ட்?"

"இந்த ஃபீ கட்டுனதுக்கு உள்ள டாக்குமெண்ட்."

நிரஞ்சனா, "கொஞ்சம் குறைக்க முடியுமா?" என்றாள். வாழ்க்கையில் முதல் முறை.

ஃபஸீலா சுற்றுமுற்றும் பார்த்தாள். "விலைன்னா நான் எவ்வளவு வேணா குறைப்பேன்க்கா. நேத்து ஒருத்தருக்கு ஐயாயிரம். ஃபீன்னா சாரைத்தான் பார்க்கணும். மேல போங்க. செருப்பை வெளியில விட்டுடுங்க."

இரண்டாம் தளத்தில் ஒரு செருப்பு அலமாரியே இருந்தது. உள்ளே கால் வைத்ததும் குளிர் அடித்தது. தரையிலிருந்து கூரைவரை கோப்புகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். நிரஞ்சனாவும் தன்னை அறியாமல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஓர் ஓரத்தில் ஒரு பெண் பக்கங்களுக்கு முத்திரையால் எண் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த டக், டக் சத்தம்தான் அங்கே கேட்ட ஒரே சத்தம்.

ஆவணத் துறைத் தலைவர் சுப்பிரமணியம் எழுந்து நின்று வணங்கினார். மேடையில் பேசுகிற தமிழைத் தவிர வேறு தமிழ் அவருக்குத் தெரியாது போலிருந்தது.

"அம்மையீர், கார் என்பது என்ன? கொஞ்சம் இரும்பு, நான்கு சக்கரம். சில ஆண்டுகளில் நொறுக்கிவிடுவார்கள். ஆவணம் அப்படியா? உங்கள் வண்டி பழைய இரும்பான பின்பும் உங்கள் கோப்பு இங்கே இருபத்திரண்டு பாகைக் குளிரில் நலமாக இருக்கும். மனம்விட்டுச் சொல்கிறேன், எங்களுக்கு வண்டி விற்பதில் நாட்டமே கிடையாது. வண்டி ஒரு சாக்கு. வண்டியே இல்லாமல் கட்டணத்தை மட்டும் வசூலித்துப் பார்த்தோம். மக்கள் இன்னும் அந்த அளவுக்குப் பக்குவம் அடையவில்லை."

"மொத்தம் எத்தனை பக்கம் சார்?"

"நாற்பத்தொன்று. முதல் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கும். மற்ற நாற்பதும் முதல் பக்கம் சரி என்பதற்குச் சான்று."

"அது... கொஞ்சம் குறைக்க..."

டக், டக் நின்றது. சுப்பிரமணியம் கோபப்படவில்லை. அவர் முகத்தில் வந்தது ஆழ்ந்த வருத்தம்.

"குறைக்கலாம். யாருடையதைக் குறைக்க? அமீராவுடையதையா? பதினோரு ஆண்டாகப் பக்க எண் போடுகிறார். ஒரு பக்கம்கூடத் தவறியதில்லை. அமீரா, இந்த அம்மையார் உன் உழைப்புக்குச் சற்றுக் குறைவாகக் கொடுக்க விரும்புகிறார்."

எண் போடும் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "பரவாயில்லக்கா" என்றாள். உண்மையாகவே பரவாயில்லை என்பதுபோலத்தான் சொன்னாள்.

"ஐயோ, சாரி" என்றாள் நிரஞ்சனா. சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று யோசித்தாள். அந்தப் பெண்ணின் சம்பளத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இருக்காது. இருந்தாலும் காது சுட்டது. யாராவது ஒரு குற்றத்தை நீட்டினால் அது தன் அளவுக்குப் பொருந்துகிறதா என்று உடனே போட்டுப் பார்ப்பது அவள் பழக்கம். பெரும்பாலும் பொருந்திவிடும்.

தோற்றுப்போய் எழுந்தவளைச் சுப்பிரமணியம் கையமர்த்தினார். "குறைப்பு இங்கே கிடையாது. ஆனால் முழுத் தள்ளுபடி உண்டு. குறைப்பு என்பது வியாபாரம், அம்மையீர். தள்ளுபடி அறம்."

தள்ளுபடிப் படிவத்தில் 'வண்டி வாங்கும் நோக்கம்' என்று கேட்டு நான்கு கட்டங்கள் போட்டிருந்தது. நிரஞ்சனா நான்கையும் இரண்டு முறை படித்தாள். தனியாக உட்கார்ந்திருக்க என்று ஒரு கட்டம் இல்லை. இருந்தாலும் அதில் குறி போடும் தைரியம் அவளுக்கு வந்திருக்காது. கடைசிக் கட்டம்: 'நடமாட இயலாத குடும்ப மூத்தோரின் நலன்.' பேனா தானாக அங்கே போனது. கீழே, 'மாமனார். வயது எழுபத்தொன்பது. முழங்கால். நடக்க முடியாது' என்று எழுதினாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. அந்த நேரத்தில் முத்துசாமி கேலாங் சிவன் கோவிலில் கும்பிட்டு முடித்து, பஸ் வர ஆறு நிமிஷமாகும் என்று பஸ் நிறுத்தப் பலகை காட்டியதைப் பார்த்துப் பொறுமையிழந்து, எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார்.

தள்ளுபடி மூன்றே நாளில் கிடைத்தது. கூடவே ஒரு கடிதமும் வந்தது. பயனாளியை நேரில் அழைத்து வரவும். வண்டி ஒப்படைப்பு நிகழ்ச்சியில் அவர் கௌரவிக்கப்படுவார்.

"நீ கேட்டே வாங்கிட்டியா?" ஷங்கர் அவளைப் புது ஆளைப்போலப் பார்த்தான். "சபாஷ். நம்பவே முடியல."

மாமனாரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடும் நேரமாகப் பார்த்து, "மாமா, சனிக்கிழமை ஒரு போட்டோ எடுக்கணுமாம். நீங்க வரணும்" என்றாள்.

"நான் எதுக்கும்மா?"

வேறு எதுவும் அப்போது வாயில் வரவில்லை. "உங்களுக்காகத்தானே மாமா கார் வாங்குறது."

விளம்பரம் முடிந்து நாடகம் தொடங்கியது. முத்துசாமி ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை அணைத்தார். அந்த வீட்டுக்கு அவள் குடிவந்த பதினெட்டு வருஷத்தில் அவராக அணைத்து அவள் பார்த்ததில்லை. "முடி வெட்டிக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சனிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நன்னம்பிக்கை மோட்டார்ஸ் வாசலில் ஃபஸீலா ஒரு சக்கர நாற்காலியோடு நின்றிருந்தாள். அதன் முதுகில் 'தள்ளுபடிப் பயனாளி' என்று பித்தளைத் தகடு.

"இது யாருக்கும்மா?" என்றார் முத்துசாமி.

நிரஞ்சனா முந்திக்கொண்டாள். "மரியாதைக்கு மாமா. எல்லாருக்கும் இப்படித்தான் செய்வாங்களாம். உட்காருங்க."

"உட்காருங்க அங்கிள்" என்றாள் ஃபஸீலா. டாக்சியிலிருந்து அவர் இறங்கி நான்கே எட்டில் படியேறியதை ஃபஸீலா பார்த்திருந்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்தக் கருணைக்காக நிரஞ்சனாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாலை, பன்னீர், பேனர் எல்லாம் இருந்தன. சுப்பிரமணியம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"ஒரு மருமகள், நடக்க... நடையில் சிரமமுள்ள தம் மாமனாருக்காகத் தம் சேமிப்பைக் கொடுக்கிறார். இப்படிப்பட்ட பாசத்தைக் கண்டால் எங்கள் நிறுவனம் என்ன செய்யும்? ஆவணப்படுத்தும்! ஆவணப்படாத பாசத்தை எப்படி நம்புவது? எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் பெற்றோரை அன்பாகப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். கோப்பு எங்கே?"

ஊழியர்கள் கைதட்டினார்கள். பயனாளி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஒலிவாங்கியை முத்துசாமியிடம் நீட்டினார்கள். முப்பத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் சரக்கு எண்ணிச் சரிபார்க்கும் டாலி கிளார்க்காக இருந்தவர். மூட்டைகளின் எண்ணிக்கையைத் தவிர வேறு எதையும் உரக்கச் சொல்லிப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமினார்.

"நான் யாரையும் எதுவும் கேட்டதில்ல. கேட்டிருந்தா பஸ்ஸே போதும்னுதான் சொல்லியிருப்பேன். அதனாலதான் என்னைக் கேட்காமலே செஞ்சிருக்கா."

படத்தில் நிரஞ்சனாவும் அழுதுகொண்டிருந்தாள். நல்ல படம் என்று எல்லாரும் சொன்னார்கள். அதைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டினார்கள்.

சாவியைக் கையில் வாங்கிய பிறகு ஃபஸீலா முப்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து காட்டினாள். "இது மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்கக்கா. முதல் ஒரு வருஷம் நூத்துக்கு நாப்பது ட்ரிப்ல அங்கிள் வண்டியில இருக்கணும். முன் சீட்டுல சென்சார் வெச்சிருக்கு. ஃபோன்ல ஆப் வரும்."

"இல்லாட்டி?"

"ஃபீ திரும்பக் கட்டணும். பொய் தள்ளுபடின்னு கோப்புல ஏறும்."

நாற்பது இடங்களில் ஏற்கனவே கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

முதல் வாரம் அவள் தனியாகத்தான் போனாள். வேலை முடிந்து வந்து, கார்பார்க் ஐந்தாம் மாடியில் சுவரோரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்து, பையிலிருந்து எபோக்-எபோக் பொட்டலத்தை எடுத்தாள். கைப்பேசி சிணுங்கியது. 'அன்புள்ள வாடிக்கையாளரே, பயனாளி இல்லாப் பயணங்கள்: ஐந்து. உங்கள் பாசம் பூச்சியம் விழுக்காடு. வணக்கம்.' வணக்கத்துக்குப் பக்கத்தில் கைகூப்பிய படம் வேறு.

அதிலிருந்து முத்துசாமி தினமும் வந்தார். "காலையில காத்து நல்லா இருக்கும், வாங்களேன் மாமா" என்று அவள்தான் கூப்பிட்டாள். ஆறு ஐம்பதுக்குச் சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு கதவருகே நிற்பார். காலாங்கில் அவள் அலுவலகம்வரை கூடவே வருவார். அவள் லிஃப்டில் ஏறியதும் அவர் பஸ் பிடித்து, எம்ஆர்டி மாறி, செங்காங் திரும்புவார். சாயங்காலம் அதே வழியில் மறுபடி காலாங் வந்து, அவளோடு காரில் வீடு வருவார். நடமாட முடியாத மாமனாருக்காக வாங்கிய கார் வந்த பிறகு அவர் முன்னைவிட இரண்டு மடங்கு பஸ்ஸில் போனார்.

பாசம் நாற்பத்தொன்றுக்கு ஏறியது. நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டைத் தொட்டபோது சுப்பிரமணியத்திடமிருந்து ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது, பக்க எண்ணோடு.

வழியெல்லாம் அவர் பேசுவார். வீட்டில் பேசாதவர். எந்தக் கப்பலில் எத்தனை மூட்டை அரிசி குறைந்தது, எந்த மேஸ்திரி எப்படி மாட்டினான். அவர் பக்கமிருந்த இடது காது அவளுக்கு மந்தமாகிவிட்டதுபோல இருக்கும். நடுவில் நிறுத்தி, "உனக்குத் தொந்தரவாம்மா?" என்பார். "சேச்சே, இல்ல மாமா" என்பாள். ஒருநாள் புளோக்கின் கீழே செஸ் ஆடும் பெரியவர்களில் ஒருவர் அவளை நிறுத்தி, "முத்துசாமி சொல்லிச் சொல்லி எங்க காது புளிச்சுப் போச்சு. என் மருமக எனக்கு ஒரு குடை வாங்கித் தரட்டும் பார்ப்போம்" என்றார். அவள் சிரித்தாள். லிஃப்டுக்குள் போய்ச் சிரிப்பை நிறுத்தினாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நினைப்பாள். பச்சை விழுந்துவிடும். சொன்னால் அவருடைய சட்டை, சவரம், ஆறு ஐம்பது எல்லாம் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் இந்த வருஷம் முழுக்க ஒரு நிமிஷம் அவளுக்குக் கிடையாது. இதில் எது அதிகம் வலிக்கிறது என்று பார்த்தால், வெட்கக்கேடாக, இரண்டாவதுதான்.

மூன்றாம் மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு நன்னம்பிக்கை மோட்டார்ஸுக்குப் போனாள். செருப்பைக் கழற்றினாள். "சார், நான் ஃபீயைக் கட்டிடறேன். தள்ளுபடி வேணாம்."

சுப்பிரமணியம் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். கண் கலங்கியிருந்தது. "முப்பது ஆண்டில் தாமாக வந்து கட்டணம் செலுத்தும் முதல் வாடிக்கையாளர்! அமீரா, எழுந்து நில்." அமீரா எழுந்து நின்றாள். "கட்டணம் ஆயிரத்து இருநூற்று எண்பத்தெட்டு. தள்ளுபடி நீக்க ஆவணம் முந்நூற்று எண்பத்தெட்டு. மகிழ்ச்சிதானே?"

"மகிழ்ச்சி சார்."

"பயனாளியின் கையெழுத்து மட்டும் வேண்டும். அவர் அறியாமல் அவரை நீக்க முடியுமா? அது அறமாகாது."

அன்று சாயங்காலம் வழக்கம்போல அவரைக் காலாங்கில் ஏற்றிக்கொண்டாள். ஐந்தாம் மாடியில் வண்டியை நிறுத்தினாள். சுப்பிரமணியம் கொடுத்திருந்த படிவத்தை நீட்டினாள். "ஒரு கையெழுத்து வேணும் மாமா. சும்மா, வண்டி சம்பந்தமா."

வேறு மாமனாராக இருந்தால் காட்டிய இடத்தில் போட்டிருப்பார். டாலி கிளார்க் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினார். விரல் வரிவரியாக இறங்கியது. 'நடமாட இயலாத' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு இறங்கியது.

"பயனாளி நீக்கம்" என்று வாய்விட்டுப் படித்தார். "காரணம்னு மூணு கட்டம் போட்டிருக்கான். ஒண்ணு, பயனாளி இறப்பு. ரெண்டு, பயனாளி வெளிநாட்டில் குடியேறியமை. மூணு, மனமாற்றம்." மூக்குக்கண்ணாடிக்கு மேலாகக் காரின் முன் கண்ணாடியைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. "ஒண்ணு இப்போதைக்கு இல்ல. ரெண்டுன்னா பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கணும்."

"மாமா, நான் வந்து..."

"மூணுல டிக் பண்ணிடறேன். யாரோட மனசுன்னு கேட்கல பாரு. நல்லாத்தான் தயார் பண்ணியிருக்கான்."

கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப நாளையிலிருந்து ஆறு அம்பதுக்கு நிக்க வேணாம். அப்படித்தானே?"

"அப்படியில்ல மாமா. நீங்க எப்ப வேணும்னாலும் வரலாம்."

"சரிம்மா." சீட் பெல்ட்டைக் கழற்றினார். "நீ மெதுவா வா. வீட்ல யாராவது சார்ஜரைக் கேட்டா நான் தேடிக் கொடுக்கிறேன்."

கதவை மெல்லச் சாத்தினார். சரியாகச் சாத்தவில்லை. திரும்பி வந்து, திறந்து, மறுபடி சாத்திவிட்டுப் போனார். அவர் செருப்புச் சத்தம் தேய்ந்தது. காருக்குள் அமைதி வந்து உட்கார்ந்தது. முழுக்க அவளுடைய அமைதி. கைப்பேசிகூடச் சிணுங்கவில்லை.

படிவத்தின் அடியில் வாடிக்கையாளருக்கென்று ஒரு வரி இருந்தது. 'நீக்கத்தின் காரணம் பயனாளிக்கு அவர் அறிந்த மொழியில் எடுத்துச் சொல்லப்பட்டது: ஆம் / இல்லை. பொருந்தாததை அடிக்கவும்.'

நிரஞ்சனா 'இல்லை'யை அடித்தாள். அடித்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நன்னம்பிக்கை மோட்டார்ஸிடம் அவள் எத்தனையோ பக்கங்களில் பொய் சொல்லியாகிவிட்டது. இன்னும் ஒன்று என்ன பாரமாகிவிடும் என்று நினைத்தாள். கை கேட்கவில்லை. 'ஆம்' என்பதையும் அடித்தாள். அதற்குக் கீழே எறும்பு அளவு எழுத்தில் இருந்ததைப் பிறகுதான் படித்தாள்: 'இரண்டையும் அடித்த படிவம் செல்லாது. பயனாளி புதிதாகக் கையெழுத்திட வேண்டும்.'

தலையை நிமிர்த்திப் பார்த்தாள். கார்பார்க்கின் கோடியில், லிஃப்ட் முன்னால், முத்துசாமி இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். லிஃப்ட் ஏன் இன்னும் வரவில்லை என்று பார்த்தாள். அவர் பொத்தானை அழுத்தவே இல்லை.